கிருஷ்ணகிரிப் பாறை கார்கில் ஆகாது: போர்க்கதை எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்கில் போரை வைத்துக் குறும்படம் எடுக்க எங்கள் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் கிளம்பினார்கள். கிருஷ்ணகிரியில் லொக்கேஷனுக்கு என்ன பஞ்சம்? எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. எடுத்து முடித்ததும் எங்கள் தெரு மிலிட்டரி மாமாவுக்குப் போட்டுக் காட்டினார்கள். ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கியும் கையுமாக மலை மேல் ஓடிக்கொண்டே ஹீரோ தாய்நாட்டைப் பற்றி ஒரு நிமிடம் வசனம் பேசும் காட்சி வந்தது. மாமா கேட்டது ஒன்றுதான்: "ஏம்பா, இவனுக்கு மூச்சே வாங்கலையா?"

சினிமாவோ நாவலோ, போரைக் காட்டும்போது முதலில் மறந்துபோவது உடம்பைத்தான். 1999-இல் சண்டை நடந்த டைகர் ஹில் 16,000 அடிக்கு மேல். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதியும் கொஞ்சமும்தான் அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும். நம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு நிற்காமல் ஏறிவிட்டு ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்லிப் பாருங்கள், தெரியும். அங்கே முதுகில் மூட்டை வேறு, குளிர் வேறு. பகலில் ஏறினால் மேலே இருப்பவன் பார்த்துவிடுவான். அதனால் பெரும்பாலும் ராத்திரியில், செங்குத்தான பாறையில் கயிறு பிடித்து, சத்தம் போடாமல் ஏறினார்கள்.

ஒரே ராத்திரியில் முடிந்த கதையும் இல்லை அது. மே மாதம் தொடங்கி ஜூலை 26 வரை இழுத்தது. ஏறுபவர்களுக்கு வழி செய்து கொடுக்கப் பின்னாலிருந்து போஃபர்ஸ் பீரங்கிகள் அடித்துக்கொண்டே இருந்தன. அந்தப் போரில் நம் பீரங்கிப் படை சுட்ட குண்டுகள் சுமார் இரண்டரை லட்சம். அத்தனை குண்டுகளையும் மலைப்பாதையில் லாரி ஏற்றிக் கொண்டுவந்தவர்கள் யார்? படங்களில் அவர்கள் முகம் வருவதே இல்லை.

மாமாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது கண்ணிவெடிக் காட்சிக்கு. நமக்கெல்லாம் மனப்பாடமான காட்சிதான். வீரன் காலை வைப்பான், 'க்ளிக்' என்று ஒரு சத்தம். காலை எடுத்தால் வெடிக்கும். வியர்வை வழிய அப்படியே நிற்பான், நண்பன் வந்து கத்தியால் மண்ணைக் கிளறுவான். அழுத்தினால் வெடிக்கும் சாதாரணக் கண்ணிவெடி இப்படிக் காத்திருக்காது. மிதித்த கணமே வெடித்துவிடும். "யோசிக்க டைம் குடுக்கிற மைனை நான் பார்த்ததே இல்ல" என்றார் மாமா. பார்க்கப் பலமுறை வாய்ப்பு இருந்தவர் அவர். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, ஆபரேஷன் பராக்ரம் என்ற பெயரில் படைகளை எல்லைக்கு அனுப்பியபோது பாகிஸ்தான் எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைத்தார்கள். போர் வரவில்லை. ஆனால் புதைத்ததைத் தோண்டி எடுக்க வேண்டுமே? அதில் படைவீரர்கள் செத்தார்கள், கை கால் போனது. எல்லையோர விவசாயிகளுக்குச் சொந்த நிலத்தில் கால் வைக்க முடியாமல் போனது. நடக்காத போரில் இவ்வளவு நடந்திருக்கிறது. இதை யாராவது படமாக எடுத்தால் முதல் டிக்கெட் என்னுடையது.

துப்பாக்கிக் கணக்கு சின்ன விஷயம்தான், ஆனால் கண்ணை உறுத்தும். ஏகே-47 மேகசினில் 30 தோட்டா. விடாமல் அழுத்தினால் மூன்று நொடியில் காலி. நம் ஹீரோக்கள் பாட்டு முடியும்வரை சுடுகிறார்கள். கையெறி குண்டு பெட்ரோல் பங்க் எரிவதுபோல் ஆரஞ்சு நிறத்தில் கொழுந்துவிடாது. புழுதி, கரும்புகை, சிதறும் இரும்புத் துண்டு, அவ்வளவுதான். அதன் பின்னைப் பல்லால் கடித்து இழுத்தால் முதலில் வருவது பல்லாகத்தான் இருக்கும்.

அப்புறம் சாட்டிலைட். டெல்லியில் ஓர் அறை, பெரிய திரை, அதில் தீவிரவாதியின் முகம் நேரலையில். உளவுப் படம் எடுக்கும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது; ஒரே வீட்டின் மேல் நின்று வேடிக்கை பார்க்க அதனால் முடியாது. அந்த வேலையைச் செய்வது ட்ரோன். உங்கள் கதையில் அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

பதவி, பதக்க விஷயத்தில் சறுக்காதவர்கள் குறைவு. கார்கிலுக்காகப் பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் நான்கு பேர். விக்ரம் பத்ராவும் மனோஜ் குமார் பாண்டேயும் அதிகாரிகள். இருவரும் களத்திலேயே இறந்தார்கள். யோகேந்திர சிங் யாதவும் சஞ்சய் குமாரும் சாதாரண ஜவான்கள். காயத்தோடு உயிர் பிழைத்தார்கள். யாதவுக்கு அப்போது வயது 19. நம் கதைகளிலோ வீரம் மேஜரில் தொடங்கி கர்னலில் முடிந்துவிடுகிறது. ஹவில்தார் என்றால் காமெடி, இல்லையென்றால் இடைவேளைக்கு முன்னால் சாவதற்கு ஓர் ஆள். மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு 2014-இல் காஷ்மீரின் ஷோபியானில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டைக்காகக் கிடைத்தது அசோக சக்ரா. போர்க்களத்தில் எதிரிப் படையோடு மோதும் வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா, மற்றதற்கு அசோக சக்ரா. இரண்டையும் மாற்றிப் போட்டால் பட்டாளத்துக்காரர் வீட்டில் டிவியை அணைத்துவிடுவார்கள். தொப்பி இல்லாத தலையோடு சல்யூட் அடிப்பதும் அப்படித்தான். 2022-இல் அறிமுகமான புது டிசைன் சீருடையை 1999-இன் கதைக்கு மாட்டிவிடுவதும் அப்படித்தான். எங்கள் பையன்கள் இரண்டையும் செய்திருந்தார்கள்.

ஹீரோ மேலிடத்து உத்தரவைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லை தாண்டுவதற்கு விசில் பறக்கும். கார்கிலில் விமானப்படைக்கு இருந்த உத்தரவோ, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது. அதற்குள்ளேயே நின்றுதான் குண்டு போட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு சண்டை போடுவதில் எவ்வளவு கதை இருக்கிறது! யாரும் தொடுவதில்லை.

பையன்கள் சீருடைகளை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. எனக்கு ஔவையார்தான் ஞாபகம் வந்தார். தகடூர், அதாவது நம் தர்மபுரி, அதியமானுக்காகத் தூது போனவர். தொண்டைமான் தன் படைக்கலங்களைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவை பார்க்கிறார்: மயில்பீலி சூட்டி, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. எங்கள் அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கின்றன என்று பாடினார். புறநானூற்றில் 95-ஆவது பாட்டு. ஆர்ட் டைரக்டர்கள் ஒருமுறை படித்தால் நல்லது.

சரி, படம் என்ன ஆயிற்று? வசனத்தை வெட்டிவிட்டார்கள். மூச்சிரைக்கும் சத்தம் தத்ரூபமாக வேண்டும் என்று ஹீரோவைக் கோட்டைக்கு இரண்டு முறை ஏற்றி இறக்கினார்கள். மாமா கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டார்.

"இன்னொரு தடவை ஏத்துங்க" என்றார்.