ஆங்கிலக் கவிதையில் பருவத்தை வாசிப்பது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு வழி

ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்கியதும் கையில் கிடைப்பது ஒரு வாய்ப்பாடு: வசந்தம் என்றால் இளமை, கோடை என்றால் நடுவயது, இலையுதிர் காலம் என்றால் முதுமை, குளிர்காலம் என்றால் சாவு. தேர்வுக்கு இது போதும். ஆனால் இதை மட்டும் நம்பிப் போனால் கவிதைக்குள் இருக்கும் ஆப்பிளும் ஆடும் கண்ணில் படாது. முதலில் வானிலை, வயல்வேலை, அர்த்தம் அப்புறம். இந்த வரிசையில் வாசித்துப் பாருங்கள்.

படி 1: நம் ஊர் வெயிலை மறந்துவிடுங்கள்

சித்திரை வெயிலில் நிழல் தேடி ஓடும் நமக்கு, "உன்னை ஒரு கோடை நாளோடு ஒப்பிடட்டுமா?" என்று ஷேக்ஸ்பியர் தன் 18ஆம் சானெட்டில் (சானெட் என்பது பதினான்கு வரிக் கவிதை) கேட்பது பாராட்டாகவே தோன்றாது. லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. ஜூன் கடைசியிலோ பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். அங்கே கோடை என்றால் வெளிச்சம். அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும் வெளிச்சம். அதனால்தான் அதே கவிதையில் கோடையைக் குறுகிய காலக் குத்தகை என்கிறார்.

மாதப் பெயர்களிலும் கவனம் வேண்டும். இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் காலண்டரைத்தான் பின்பற்றியது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அது இன்றைய காலண்டருக்குப் பத்து நாள் பின்தங்கியிருந்தது. அவர் சொல்லும் மே மாதம் இன்றைய கணக்கில் ஜூன் 10 வரை போகும். அதே சானெட்டில் மே மாத மொட்டுகளைக் காற்று உலுக்குகிறது என்ற வரியில், கோடை வாசலுக்கே வந்துவிட்டது.

படி 2: பொருள்களைப் பட்டியல் போடுங்கள்

பென்சிலோடு உட்கார்ந்து, கண்ணால் பார்க்க, காதால் கேட்க முடிகிறவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். இதற்கு ஜான் கீட்ஸ் இலையுதிர் காலத்தைப் பற்றி எழுதிய 'டு ஆட்டம்' கவிதையைவிட நல்ல பாடம் கிடையாது. 1819 செப்டம்பர் 19 அன்று வின்செஸ்டரில், நடந்துவிட்டு வந்து எழுதியது. மூன்று பத்திகள், பத்திக்குப் பதினொரு வரிகள்.

முதல் பத்தியில் உங்கள் பட்டியல் இப்படி வரும்: மூடுபனி, கூரையோரம் படரும் திராட்சைக்கொடி, கனம் தாங்காமல் வளையும் ஆப்பிள் மரம், பருக்கும் சுரைக்காய், தேனீ. எல்லாமே நிறைந்து வழிகிறது. சாவுக்கு இங்கே இடமே இல்லை. இரண்டாவது பத்தியில் இலையுதிர் காலம் ஓர் ஆளாக வந்து களஞ்சியத் தரையில் உட்கார்ந்திருக்கிறது. பாதி அறுத்த வயலில் கசகசாப் பூவின் மயக்கத்தில் தூங்குகிறது. ஆப்பிள் பிழியும் செக்கிலிருந்து கடைசிச் சொட்டுகள் கசிவதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவதில் வெறும் அரிதாள் நிற்கும் வயல், கொசுக்கூட்டம், வளர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டிகள், வானத்தில் கூடும் தகைவிலான் குருவிகள்.

படி 3: பட்டியல் எந்தப் பக்கம் நகர்கிறது?

பழுப்பது, அறுப்பது, அறுத்து முடிந்த வயல். காலை மூடுபனியில் தொடங்கி மாலை வெளிச்சத்தில் முடிகிறது. ஆட்டுக்குட்டிகள் வசந்தத்தில் பிறந்தவை. இப்போது முழு ஆடுகள். தகைவிலான்கள் கூடுவது குளிருக்கு முன் தெற்கே பறந்து போவதற்காக. குளிர்காலம் என்ற சொல் கவிதையில் ஒரு முறைகூட வருவதில்லை. ஆனாலும் அது வருவது தெரிந்துவிடுகிறது.

இதற்குப் பிறகு கவிஞரின் வாழ்க்கையைப் பாருங்கள். முந்தைய டிசம்பரில் தம்பி டாம் காசநோயில் இறந்திருந்தார். 1821 பிப்ரவரியில் கீட்ஸும் அதே நோயால் 25 வயதில் ரோமில் இறந்தார். இந்தத் தகவலை முதலில் படித்தால் ஒவ்வொரு வரியிலும் சோகத்தைத் தேடுவீர்கள். கடைசியில் படித்தால், வசந்தத்தின் பாட்டை நினைக்காதே, உனக்கும் உன் இசை உண்டு என்று அவர் அந்தப் பருவத்திடம் சொல்வது எவ்வளவு பெரிய துணிவு என்று புரியும். நான் இந்தக் கவிதையை இவ்வளவு நேசிப்பது அந்த ஒரு வரிக்காக.

படி 4: நாடகத்தில், யார் சொல்கிறார் என்று கேளுங்கள்

கவிதையில் பருவம் பெரும்பாலும் பின்புலம். நாடகத்தில் அது ஒருவர் வாயிலிருந்து வரும், அதற்கு ஒரு காரணமும் இருக்கும். ஷேக்ஸ்பியரின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் தேவதைகளின் அரசி டைட்டானியா பருவங்கள் குழம்பிப்போனதைச் சொல்கிறாள்: பயிர் அழுகிவிட்டது, ஆறு கரை உடைத்தது, எந்தப் பருவம் எது என்றே தெரியவில்லை. காரணம், அவளுக்கும் கணவன் ஓபெரானுக்கும் நடக்கும் சண்டை. வீட்டுச் சண்டையின் விலையை உழவன் கொடுக்கிறான்.

அவருடைய 'தி விண்டர்ஸ் டேல்' இன்னும் நல்ல உதாரணம். குளிர்காலத்துக்குச் சோகக் கதைதான் பொருத்தம் என்று சிறுவன் மாமிலியஸ் சொல்கிறான். அடுத்த அங்கத்திலேயே அவன் இறந்த செய்தி வருகிறது. பிறகு பதினாறு வருடம் தாண்டி, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் விழாவில் அவன் தங்கை பெர்டிடா பூக்கள் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

படி 5: நீங்களே செய்து பாருங்கள்

ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தின் முடிவில் வரும் குளிர்காலப் பாட்டை எடுங்கள். சின்னப் பாட்டுதான். விறகு சுமக்கும் டாம், கைவிரலை ஊதிக்கொள்ளும் இடையன், வாளியிலேயே உறைந்த பால், சமையலறையில் சட்டியைக் கிளறும் ஜோன் என்று பட்டியல் போடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்விக்கு நோட்டில் பதில் எழுதுங்கள்: இவ்வளவு குளிரில் ஆந்தையின் குரலை மகிழ்ச்சியானது என்று பாட்டு ஏன் சொல்கிறது? பதில் எழுதிய பிறகு, மஞ்சள் இலைகளில் தன் முதுமையை அவர் காட்டும் 73ஆம் சானெட்டுக்குப் போங்கள்.