தற்கொலை எண்ணத்தோடு இருப்பவருக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: இளைஞர்களும் முன்னாள் ராணுவத்தினரும்

நேரடியாகக் கேட்கத் தயங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தற்கொலை என்ற பேச்சை நாமே எடுத்தால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பெற்றோரும் ஆசிரியர்களும் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்டதும் மனம்விட்டுப் பேசுபவர்கள் பலர். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். "செத்துடலாம்னு தோணுதா?" என்றே கேளுங்கள். ஆமாம் என்றால், திட்டம் ஏதும் வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அவரைத் தனியாக விடாமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மன அழுத்தம் என்றால் அழுகை, சோகம் என்றே எதிர்பார்ப்பது அடுத்த தவறு. பதின்ம வயதினரிடம் அது பெரும்பாலும் எரிச்சலாக வெளிப்படும். வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம். ராணுவத்திலிருந்து வந்தவரிடம் தூக்கமின்மை, குடி, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதில். சீருடையைக் கழற்றும்போது தோழர்கள், அன்றாட ஒழுங்கு, பொறுப்பு எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. 24 வயதுக்குள்ளேயே படையிலிருந்து வெளியேறிய ஆண்களின் தற்கொலை ஆபத்து, அதே வயதுப் பொதுமக்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று 2009இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. அதிக காலம் போர்முனையில் இருந்தவருக்குத்தான் பிரச்சினை வரும் என்ற கணக்கு சரியல்ல. அவரிடம் "யாரையாவது சுட்டிருக்கீங்களா?" என்று கிளறுவதும் வேண்டாம். எதை, எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

ஆபத்தான பொருளை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைப்பது போதாது. உயிரை விடும் உந்துதலின் உச்சம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் பொருள் கையில் கிடைக்கக் கூடாது. துப்பாக்கி வீட்டைவிட்டே வெளியே போக வேண்டும். பிடுங்கினால் நம்பிக்கை போய்விடும். "நீங்க தேறி வர்ற வரைக்கும்" என்று சொல்லி, அவர் சம்மதத்தோடு, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். மாத்திரைகளை வாரத்துக்கு மட்டும் வாங்கி, இன்னொருவர் பொறுப்பில் வையுங்கள்.

"எதுவும் பண்ணிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கேட்பது கேட்பவருக்குத்தான் ஆறுதல். அதற்குப் பதில் பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள். எண்ணம் தலைதூக்குவதற்கான அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, கவனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர் மற்றும் ஹெல்ப்லைன் எண்கள், வீட்டைப் பாதுகாப்பாக்கும் வழி என ஆறு பகுதிகள். அவர் சொற்களிலேயே இருக்கட்டும். "நடைப்பயிற்சி" என்று பொதுவாக எழுதினால் நடுராத்திரியில் உதவாது. எந்த நண்பரை, எந்த எண்ணில் என்பதுவரை வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இந்தத் திட்டத்தோடு தொடர் தொலைபேசி அழைப்பும் பெற்றவர்களிடம், ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தைகள் சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தன. 2018இல் வெளியான முடிவு இது.

மருந்திலும் அவசரப்படுகிறார்கள். மன அழுத்த மாத்திரை முழுப் பலன் தர நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். பத்து நாளில் "வேலை செய்யலை" என்று தானாக நிறுத்துவது ஆபத்து. 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று கவனித்து, கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று விலகிவிடாதீர்கள். மனநல வார்டிலிருந்து வந்த முதல் வாரமும் அடுத்த மூன்று மாதங்களும்தான் ஆபத்து மிகுந்த காலம். அடுத்த சந்திப்புக்கான தேதியையும் நேரத்தையும் வாங்காமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள். முதல் சந்திப்பு ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும், கூடவே ஒருவர் போகட்டும்.