பிக்கப் பின் ஆக்சிலில் கிரவுன் பினியன் மாற்றுவது எப்படி?

பெரிய டயர் மாட்டியதிலிருந்து பிக்கப் ஏற்றத்தில் திணறுகிறது என்றால், பெரும்பாலும் குறை இன்ஜினில் இல்லை. பின் ஆக்சிலின் பல் விகிதம் புது டயருக்குப் போதவில்லை.

பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய வட்டப் பல்சக்கரம் கிரவுன்; அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். 41க்கு 11 என்றால் 3.73. இந்த விகிதமுள்ள வண்டியில் 31 அங்குல டயரைக் கழற்றி 35 போட்டால், 35 ÷ 31 × 3.73 = 4.21 வேண்டும். கடையில் பெரும்பாலும் 4.10, 4.56 என்று இருக்கும். பாரம் இழுக்கும் வண்டி என்றால் நான் யோசிக்காமல் 4.56 எடுப்பேன். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் ஆக்சிலையும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கர இழுவை போட்டதும், முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிக்கொள்ளும். சில ஆக்சில்களில் விகிதம் ஓர் அளவைத் தாண்டினால் கிரவுன் மாட்டியிருக்கும் டிஃபரன்ஷியல் கேரியரும் வேறு. வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயிலை வடித்து, மூடியைத் திறங்கள். உடனே கழற்ற வேண்டாம். பழைய கிரவுனின் பிளேயை (பற்களுக்கிடையே உள்ள சின்ன ஆட்டத்தை) டயல் கேஜில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கேரியரைப் பிடித்திருக்கும் பேரிங் கேப் இரண்டிலும் இடம், வலம், மேல், கீழ் அடையாளம் போடுங்கள். அவை ஆக்சில் கூட்டோடு சேர்த்துக் கடையப்பட்டவை, மாறிப் போனால் பொருந்தாது. பிறகு ஆக்சில் ஷாஃப்ட், கேரியர், பினியன் என்ற வரிசையில் வெளியே எடுங்கள்.

இனி வருவதுதான் உண்மையான வேலை. பினியனின் ஆழத்தை ஷிம் என்ற மெல்லிய தகடு தீர்மானிக்கிறது. பழைய பினியனில் இருந்த ஷிம்மின் தடிமனிலிருந்தே தொடங்குங்கள். பழைய பேரிங்கின் உள்வட்டத்தைக் கையால் ஏறி இறங்கும் அளவுக்குத் தேய்த்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் பிரஸ் தேடி ஓட வேண்டாம். புதுப் பேரிங்கை அளவு முடிந்தபின் ஏற்றலாம்.

கேரியரை மாட்டி, பக்க ஷிம்களால் பிளேயைச் சரிசெய்யுங்கள். பல ஆக்சில்களுக்கு 0.15 முதல் 0.25 மி.மீ.; உங்கள் கையேடு சொல்வதே முடிவு. அடுத்து, பற்களில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, கிரவுனைச் சற்றுப் பிடித்தபடி பினியனை இரு திசையிலும் சுழற்றுங்கள். பதிவு பல்லின் உயரத்தில் நடுவாக விழ வேண்டும். அடிப்பக்கம் இறங்கியிருந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. நுனிப்பக்கம் ஏறியிருந்தால் போதவில்லை. ஷிம்மை மாற்றி, பிளேயைத் திரும்ப அளந்து, மறுபடி பேஸ்ட். நாலைந்து தடவை ஆகலாம், சலித்துக்கொள்ளாதீர்கள். பிளே சரியாக இருந்தும் பதிவு கோணலாக விழுந்தால், நான் பதிவைத்தான் நம்புவேன்.

அளவு பிடிபட்டதும் பினியனில் புது கிரஷ் ஸ்லீவ் (இறுக்கும்போது நசுங்கி, பேரிங்கின் இறுக்கத்தைப் பிடித்துவைக்கும் குழல்) போட்டு நட்டைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பினியனைச் சுழற்ற ஆகும் விசையை, சின்ன அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் ஒவ்வொரு இறுக்கலுக்கும் பாருங்கள். கையேட்டு அளவை மீறிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது, ஸ்லீவையே மாற்ற வேண்டும். கிரவுனுக்குப் புதுப் போல்ட், திரெட் லாக்கர். சில ஆக்சில்களில் இந்தப் போல்ட்கள் இடப்பக்க மரை (எதிர்த் திசையில் இறுகும்), கவனம்.

கையேட்டில் சொன்ன ஹைப்பாய்டு கியர் ஆயிலை ஊற்றுங்கள். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்றால் அதற்கான சேர்மானமும் வேண்டும். ஸ்பீடோமீட்டரைத் திருத்த மறக்காதீர்கள்.

முதலில் 20 நிமிடம் மெதுவாக ஓட்டி, நன்றாக ஆறவிடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்யுங்கள். 800 கி.மீ. வரை டிரெய்லர் இழுக்க வேண்டாம். அந்தக் கணக்கு முடிந்ததும் ஆயிலை மாற்றி, காந்தத்தைப் பாருங்கள். மை போன்ற நுண்தூள் ஒட்டியிருந்தால் பயமில்லை. செதிலாக வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, பேஸ்ட் டப்பாவோடு மறுபடி கூட்டைத் திறங்கள்.