ஒரு டேக்குக்கு எதற்கு ஷீல்டு? வெல்டிங் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் ஜன்னல் கிரில்லுக்கு டேக் (துண்டுகள் நகராமல் நிற்கப் போடும் சிறு புள்ளி வெல்டிங்) வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இரும்பு ஆங்கிளைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் முகத்தை மறைக்கும் ஷீல்டு இல்லாமல், முகத்தைத் திருப்பி, கண்களை இறுக மூடிக்கொண்டு வெல்டிங் ராடைத் தட்டினார். 26 ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் தட்டினேன். கையுறையையும் ஈரத் தரையையும் பற்றி எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதால், ஆர்க்கிலிருந்து, அதாவது ராடு நுனியில் எரியும் மின்சுடரிலிருந்து, வரும் புற ஊதாக் கதிரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டேக்தானே என்று ஷீல்டை ஒதுக்குவது

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் சி வகை முழுவதையும், பி வகையின் பெரும்பகுதியையும் ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. ஆர்க்குக்கும் நம் கண்ணுக்கும் நடுவில் அப்படி எந்தப் படலமும் இல்லை. இந்த இரு வகைகளையும் கருவிழியின் மேற்பரப்பே பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்கிறது. அங்குள்ள செல்கள் இறந்து உரியும்போது நரம்பு நுனிகள் வெளிப்படுகின்றன. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால், வேலை செய்யும்போது வலி தெரிவதே இல்லை. பகலெல்லாம் ஒன்றும் ஆகவில்லை என்ற நம்பிக்கையில்தான் அடுத்த டேக்கும் ஷீல்டு இல்லாமல் விழுகிறது.

கண்ணை மூடினால் போதும் என்பது தவறான கணக்கு. ராடு எப்போது பற்றும் என்பது சரியாகத் தெரியாததால், இமை சற்று முந்தித் திறந்துவிடும், அல்லது பிந்தி மூடும். ஒவ்வொரு முறையும் கண்ணில் படும் சிறு அளவு அன்றைய கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. 270 நானோமீட்டர் அலைநீளத்தில், 8 மணி நேர வேலை நாள் முழுவதற்கும் ஒரு சதுர மீட்டருக்கு 30 ஜூல் என்பதே கதிர் படுவதற்கான சர்வதேச வரம்பு. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரைவிட 40 சென்டிமீட்டரில் குனிந்திருப்பவருக்கு ஆறு மடங்குக்கு மேல் கதிர் படும். டேக் வைப்பவர் எப்போதும் அந்த 40 சென்டிமீட்டரில்தான் இருக்கிறார். ஆங்கிளைப் பிடித்திருப்பவருக்கோ முகத்தை மறைக்கக் கைகூட இல்லை.

நான் அப்படித் தட்டிய அன்று நள்ளிரவு தாண்டி வலி தொடங்கியது. இமைக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. சுவரைப் பிடித்தபடி குழாயடிக்குப் போனேன். அத்துடன் விட்டிருந்தால் ஒன்றிரண்டு நாளில் தானாகவே ஆறியிருக்கும். காலையில் ஒருவர் மருந்துக்கடையிலிருந்து மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வாங்கிக் கொடுத்தார். போட்ட ஒரு நிமிடத்தில் வலி நின்றது, கால் மணி நேரத்தில் திரும்பியது, மீண்டும் போட்டேன். இப்படி மூன்று நாட்கள் போட்டபடியே வேலையும் செய்தேன். மருத்துவர் கண்ணைப் பரிசோதிக்க ஒரு முறை பயன்படுத்தும் அந்த மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் கருவிழி ஆறாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. புண்ணில் கிருமி தொற்றி, வலது கண்ணில் வெண்தழும்பு விழுந்தது. ஒன்றரை மாதச் சம்பளம் போயிற்று. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு இன்றும் அந்தக் கண்ணில் சிதறித்தான் தெரிகிறது. அந்த இளைஞர்களில் ஒருவருடைய சட்டைப்பையில் அதே வகைச் சொட்டு மருந்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

தாய்ப்பால், உருளைக்கிழங்குத் துண்டு

வலிக்கிறது என்று இப்படி எதையும் கண்ணில் விடவோ வைக்கவோ வேண்டாம். கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

வெயில் கண்ணாடியுடன் வெல்டிங் செய்வது

கூடாது. 60 முதல் 160 ஆம்பியர் வரையிலான ராடு வெல்டிங்குக்கு ஷீல்டில் 10ஆம் எண் கருப்புக் கண்ணாடி வேண்டும்.

சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிடுவது

கழுத்துக்குக் கீழே முக்கோணமாகத் தோல் சிவந்து உரிவதைப் பட்டறையில் பலரும் வெறும் சூடு என்று எண்ணுகிறார்கள். அது கதிரால் ஏற்பட்ட தீப்புண். அலுமினியத்தில் ஆர்கான் வாயுவுடன் வேலை செய்யும்போது கதிர் இன்னும் கடுமையாக இருக்கும். பளபளப்பான தகடு அதைத் தாடைக்கு அடியில் திருப்பி அனுப்பும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டில், வெல்டிங்கின் புற ஊதாக் கதிரை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்தது. கண்ணில் வரும் மெலனோமா என்ற புற்றுநோயே அதற்கு முக்கியக் காரணம்.

டிரைகுளோரோஎத்திலீனால் துடைத்த இரும்பை உடனே பற்றவைப்பது

எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் இந்தத் திரவத்தின் ஆவி புற ஊதாக் கதிரில் சிதைந்து, பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

தெருவைப் பார்த்தபடி வெல்டிங் செய்வது

பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். எங்கள் பட்டறை வாசலில் இப்போது ஒளி புகாத தார்ப்பாய் தொங்குகிறது. அதை இழுத்துவிட்ட பிறகே முதல் ராடைத் தட்ட வேண்டும் என்று அந்த இரு இளைஞர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.