யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு: உரிமம் வாங்கி ஓட்டிப் பார்ப்பது எப்படி?

பெல் லேப்ஸ் 1979இல் வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பை இன்று உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டலாம். லினக்ஸ் டெர்மினல் ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. உரிமம்

விண்ணப்பமும் வேண்டாம், பணமும் வேண்டாம். 1998இல் யூனிக்ஸ் உரிமங்களைக் கையாண்ட எஸ்சிஓ நிறுவனம் 100 டாலருக்கு இதன் தனிநபர் உரிமத்தைக் கொடுத்தது. பிறகு அதன் யூனிக்ஸ் பிரிவை வாங்கிய கால்டெரா, 2002 ஜனவரி 23 தேதியிட்ட கடிதத்தில், பிடிபி-11 என்ற பழைய கணினிக்கான 1 முதல் 7 வரையிலான பதிப்புகளையும் 32வி என்ற 32-பிட் பதிப்பையும் பிஎஸ்டி பாணி உரிமத்தில் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்) திறந்துவிட்டது. யூனிக்ஸ் ஹெரிடேஜ் சொசைட்டியின் தளத்தில் அந்தக் கடிதம் பிடிஎஃப்-ஆக இருக்கிறது. இறக்கி, அடுத்த பகுதியில் சொல்லும் டிஸ்க் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள். யாருக்காவது நகல் கொடுத்தால் பதிப்புரிமைக் குறிப்பும் கூடவே போக வேண்டும் என்பது நிபந்தனை.

பிறகு வந்த வணிக யூனிக்ஸ்களான சிஸ்டம் 3, சிஸ்டம் 5 இரண்டும் இதில் அடங்காது. கடிதத்திலேயே விலக்கியிருக்கிறார்கள்.

2. எமுலேட்டர்

பழைய கணினிகளை உங்கள் லேப்டாப்பில் மென்பொருளாகவே ஓட்டிக்காட்டும் சிம்எச் (SIMH) போதும், வேறு எதையும் தேட வேண்டாம். டேப்பிலிருந்து நிறுவும் வழியும் உண்டு. ஆனால் முதல் முறைக்கு ஆர்எல்02 (பிடிபி-11இன் ஒரு டிஸ்க் வகை) டிஸ்க்காகத் தயாராகக் கிடைக்கும் கோப்பே நல்லது. சிம்எச்சின் பிடிபி-11 எமுலேட்டரில் அதை இணைத்து பூட் செய்யுங்கள். சின்ன எழுத்தில் மட்டும் தட்டுங்கள். லாகின் பெயரைப் பெரிய எழுத்தில் கொடுத்தால், உங்களிடம் இருப்பது பெரிய எழுத்து மட்டுமே உள்ள டெர்மினல் என்று யூனிக்ஸ் எடுத்துக்கொள்ளும்.

3. பயமுறுத்தும் வரி

ஹேஷ் குறி (#) வந்ததும் கன்ட்ரோல்-டி அழுத்துங்கள். உடனே, பயன்படுத்துவதும் நகலெடுப்பதும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்குடன் நீங்கள் செய்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை என்று ஒரு எச்சரிக்கை வரும். எந்த ஒப்பந்தம், யாரிடம் போய்க் கையெழுத்துப் போடுவது என்று நானும் இந்த இடத்தில்தான் நின்றேன். ஏடி அண்ட் டி குழுமத்தில் அன்று யூனிக்ஸ் உரிமம் வழங்கிய நிறுவனம் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக். பல்கலைக்கழகங்கள் அதனோடு ஒப்பந்தம் போட்டுத்தான் டேப்பை வாங்கின. அந்தக் காலத்து வாசகம் அப்படியே தங்கிவிட்டது, அவ்வளவுதான். உங்களுக்கான உரிமம் 2002 கடிதம்தான். தைரியமாக உள்ளே போங்கள். பயனர் பெயர் ரூட், கடவுச்சொல்லும் ரூட்.

பேக்ஸ்பேஸ் வேலை செய்யாது. ஓர் எழுத்தை அழிக்க ஹேஷ் குறி, முழு வரியையும் அழிக்க அட் குறி (@). விஐ (vi) எடிட்டர் கிடையாது, வரி வரியாகத் திருத்தும் ஈடி (ed) எடிட்டர் மட்டும்தான்.

பின்சேர்க்கை

கருத்துப் பகுதியில் 8, 9, 10ஆம் பதிப்புகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கால்டெரா கடிதம் அவற்றுக்குப் பொருந்தாது. வணிகம் சாராத பயன்பாட்டுக்கு எதிராகப் பதிப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்று 2017இல் அல்காடெல்-லூசென்டும் நோக்கியா பெல் லேப்ஸும் அறிவித்தன. அந்த அறிவிப்பைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி: யூனிக்ஸ் பதிப்புரிமை, எஸ்சிஓவுக்கு யூனிக்ஸ் வணிகத்தை விற்ற நாவெல் நிறுவனத்திடமே இருக்கிறது என்று 2010இல் அமெரிக்க நடுவர் குழு முடிவு சொன்ன பிறகும் கால்டெரா கடிதம் செல்லுமா? சொந்தப் பயிற்சிக்கு அந்தக் கடிதத்தையே நான் நம்புகிறேன். விற்கிற பொருளில் இந்த நிரலைச் சேர்ப்பதாக இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.