ஸ்லைடிங் ஜன்னலுக்கு வேண்டிய அளவு திறந்து மூடும் வென்டிலேட்டர்: செய்முறை விளக்கம்

இரவில் ஜன்னலை முழுதாகத் திறந்து வைக்கவும் முடியாமல், மூடி வைத்தால் விடியும் வேளையில் அறை புழுங்கிக் கிடப்பதையும் பொறுக்க முடியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் படுக்கையறை ஜன்னலுக்காக நான் செய்து பொருத்தி, இப்போது பயன்பாட்டில் இருக்கும் அமைப்பு இது. ஜன்னலின் சட்டத்தில் துளை போடவோ கண்ணாடியை வெட்டவோ தேவையில்லை. கண்ணாடிக் கதவை ஓரடி அளவுக்குத் தள்ளிவிட்டு, அந்த இடைவெளியில் டிராக்குக்குள் செங்குத்தாக நிற்கும் ஒரு பலகையைச் செருகப் போகிறோம். அந்தப் பலகையின் மேற்பகுதியில் ஒன்றும் கீழ்ப்பகுதியில் ஒன்றுமாக, தனித்தனியே திறந்து மூடக்கூடிய இரண்டு திறப்புகள் இருக்கும்.

திறப்பு ஏன் இரண்டாக இருக்க வேண்டும் என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். இந்த வடிவமைப்பு முழுவதும் அதன் மீதுதான் நிற்கிறது. காற்று வீசாத இரவில் அறையின் காற்றை நகர்த்துவது வெப்ப வேறுபாடு மட்டுமே. உள்ளே இருக்கும் சூடான காற்று எடை குறைந்து மேல்திறப்பு வழியாக வெளியேற, அதன் இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழ்த்திறப்பு வழியாக நுழைகிறது. இந்த ஓட்டத்தின் வேகம் இரண்டு திறப்புகளுக்கும் இடையிலுள்ள உயரத்தைப் பொறுத்தது. எனவே, ஒரே இடத்தில் பெரிய ஓட்டை போடுவதைவிட, அதே பரப்பை இரண்டாகப் பிரித்து இயன்ற அளவு மேலும் கீழுமாக வைப்பது நல்ல பலன் தரும். கீழே நான் தரும் அளவுகளில் ஒவ்வொரு திறப்பின் பரப்பும் 0.04 சதுர மீட்டர். இரண்டின் மையங்களுக்கும் இடையே 700 மி.மீ. உயரம். உள்ளுக்கும் வெளிக்கும் 5 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 8 லிட்டர் காற்று மாறும். ஓர் ஆளுக்கு வினாடிக்குச் சுமார் 10 லிட்டர் புதுக்காற்று தேவை என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. ஆகவே, காற்றே அசையாத இரவில் இந்தப் பலகை ஏறக்குறைய ஒருவருக்குப் போதும். வெளியே காற்று வீசினால் இந்த அளவு கூடும்.

பொருள்கள்

நிலைப்பலகைக்கு 12 மி.மீ. கடல்தரப் பிளைவுட்டைத் தேர்ந்தெடுங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஈரம் பட்டதும் உப்பிவிடும். விலை குறைவு என்பதற்காக அதை ஜன்னலில் வைக்க வேண்டாம். நிலைப்பலகையில் உள்ளது போன்ற துளைகளோடு, அதன் மேல் பக்கவாட்டில் நகர்ந்து திறப்பைத் திறந்து மூடும் தகட்டுக்கு (ஒவ்வொரு திறப்புக்கும் ஒன்று) 3 மி.மீ. ஏ.சி.பி. ஷீட் (இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) பொருத்தமானது: எடை குறைவு, ஈரத்தில் வீங்காது, சாதாரண ஜிக்சாவிலேயே (கையில் பிடித்து வெட்டும் மின்ரம்பம்) வெட்டலாம். கண்ணாடி போலத் தெரிகிறது என்று அக்ரிலிக்கைப் பலர் விரும்புகிறார்கள். ஆனால், அது வெப்பத்தில் அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரிவடையும். 470 மி.மீ. உயரமுள்ள அக்ரிலிக் தகடு 30 டிகிரி வெப்ப உயர்வில் ஏறக்குறைய 1 மி.மீ. வளர்ந்து, வெயில் நேரத்தில் தான் ஓடும் காடியில் (பள்ளத்தில்) இறுகி நின்றுவிடும். வெட்டும்போதும் உருகி ஜிக்சா பிளேடில் ஒட்டிக்கொள்ளும். இவை தவிரக் காடிச்சட்டத்துக்கு மரப்பட்டிகள், கொசுவலை, 5 மி.மீ. போல்ட்டும் கையாலேயே முடுக்கும் விங் நட்டும், இருபக்க டேப், வார்னிஷ், பிரஷ் பட்டை ஆகியவை போதும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்துகொண்டே வெட்டுங்கள்.

பலகையின் உயரத்தைக் கணக்கிடுதல்

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் நிதானமாகப் படியுங்கள். ஸ்லைடிங் ஜன்னலின் மேல் டிராக் ஆழமாகவும் கீழ் டிராக் ஆழம் குறைந்தும் இருக்கும். பலகையை முதலில் மேல் டிராக்குக்குள் முழுதாக ஏற்றி, அடிப்பகுதியைக் கீழ் டிராக்கின் விளிம்பைத் தாண்டி உள்ளே தள்ளி, பிறகு கீழே இறக்க வேண்டும். இறக்கிய பின்னும் பலகையின் மேல் முனை மேல் டிராக்குக்குள் சில மில்லிமீட்டராவது நிற்க வேண்டும். இல்லையென்றால் காற்றின் தள்ளுதலில் பலகை கழன்று விழுந்துவிடும். ஆகவே உயரத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. மேல் டிராக்குக்கும் கீழ் டிராக்குக்கும் நடுவே வெளியே தெரியும் இடைவெளியோடு மேல் டிராக்கின் ஆழத்தைக் கூட்டினால் வருவது மேல் எல்லை. அதே இடைவெளியோடு கீழ் டிராக்கின் ஆழத்தையும் 5 மி.மீ. பிடிமானத்தையும் கூட்டினால் வருவது கீழ் எல்லை. இடைவெளி 1180, மேல் ஆழம் 22, கீழ் ஆழம் 10 மி.மீ. என்றால், பலகை 1195-க்கும் 1202-க்கும் இடையே இருக்க வேண்டும். நான் 1198 என்று வைப்பேன். சட்டம் எங்கும் ஒரே அளவாக இருக்காது. எனவே இடது, வலது, நடு என மூன்று இடங்களில் அளந்து, மேல் எல்லைக்கு மிகச் சிறிய அளவையும் கீழ் எல்லைக்கு மிகப் பெரிய அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிராக்கின் அகலம் 12 மி.மீ.-ஐவிடக் கூடுதலாக இருந்தால், பலகையின் முனைகளில் ஃபெல்ட் பட்டை ஒட்டி அந்த இடைவெளியை நிரப்பலாம். அகலம் 300 மி.மீ. போதும். பலகை வெளிப்புற டிராக்கில் நிற்கட்டும். அப்போதுதான் வெளியே வலைக்கும் மழைத்தடுப்புக்கும் இடம் கிடைக்கும்.

நீள்துளைகளின் அளவு

ஒவ்வொரு திறப்பும் ஐந்து செங்குத்து நீள்துளைகளால் ஆனது. துளையின் அகலம் 20 மி.மீ., உயரம் 400 மி.மீ.; இரு துளைகளுக்கு இடையே நிற்கும் பட்டையின் அகலம் 26 மி.மீ. பட்டையும் 20 மி.மீ. ஆகவே இருந்துவிட்டால் மூடிய நிலையிலும் விளிம்புகளில் கீற்று தெரியும். கூடுதலாக வைத்த 6 மி.மீ., துளையின் இருபுறமும் 3 மி.மீ. ஆகப் பட்டை ஏறி மூட உதவுகிறது. ஜிக்சா அங்கங்கே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அது மறைந்துவிடும். தகடு 23 மி.மீ. நகர்ந்தால் முழுத் திறப்பிலிருந்து முழு மூடலுக்கு வந்துவிடும். துளைகளைக் கிடையாக வைத்துத் தகட்டை மேலும் கீழும் நகர்த்தும் அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். தகட்டின் எடையே அதைக் கீழே இழுத்து, நீங்கள் வைத்த அளவைக் கலைத்துவிடும்.

ஐந்து துளைகளும் நான்கு பட்டைகளும் சேர்ந்தால் 204 மி.மீ.; 300 மி.மீ. பலகையின் நடுவில் வைத்தால் இருபுறமும் 48 மி.மீ. மிஞ்சும். நகரும் தகட்டின் அகலம் 246 மி.மீ., உயரம் 470 மி.மீ. அறைக்குள்ளிருந்து பார்க்கும்போது தகடு வலப்புறம் நகர்ந்து மூடுவதாக வைத்துக்கொண்டால், அதன் இடது ஓரத்தில் 26 மி.மீ.-யும் வலது ஓரத்தில் 16 மி.மீ.-யும் விட வேண்டும். இடது ஓரத்தைக் குறைத்துவிட்டால் பலகையின் முதல் துளை மூடாமலே நிற்கும். மேல்திறப்பின் துளைகள் பலகையின் மேல் முனையிலிருந்து 50 மி.மீ. தள்ளித் தொடங்கட்டும், கீழ்த்திறப்புக்கும் அடியிலிருந்து அதே அளவு. தகட்டில் துளைகளுக்கு ஒரு முனையில் 20 மி.மீ.-யும் மறுமுனையில் 50 மி.மீ.-யும் மிஞ்சும். 50 மி.மீ. உள்ள முனை பலகையின் நடுப்பகுதியை நோக்கி இருக்க வேண்டும். இறுக்கும் போல்ட் வருவது அங்கேதான்.

இரண்டையும் சேர்த்து வெட்டுதல்

பலகையைத் தனியாகவும் தகட்டைத் தனியாகவும் அளந்து வெட்டினால் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தா. தகட்டைத் திறந்த நிலையில் எங்கே நிற்குமோ அங்கே, அதாவது அறைப்பக்கம் இடது விளிம்பிலிருந்து 22 மி.மீ. தள்ளி, இருபக்க டேப்பால் பலகையோடு ஒட்டிவிடுங்கள். ஒட்டியவுடன் இரண்டின் மீதும் ‘அறைப்பக்கம்’ என்றும் ‘மேல்’ என்றும் பென்சிலால் எழுதிவிடுங்கள். ஜிக்சாவின் பற்கள் மேல்நோக்கி வெட்டுவதால் மேற்பரப்பில்தான் சிலும்பு எழும். ஆகவே பலகையின் வெளிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி, அதன்மேல் காகித டேப் ஒட்டி, அதில் அளவுகளை வரையுங்கள். திருப்பியதும் இடம் வலமாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு துளையின் இரு முனைகளிலும் 20 மி.மீ. பிட்டால் துளையிட்டு, அந்த வட்டங்களை ஜிக்சாவால் இணைத்தால் நீள்துளை தயார். துளையிடும்போது அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்தால் தகட்டின் விளிம்பு பிய்யாது. ரவுட்டர் (மரத்தைக் குடையும் கருவி) வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம் என்றாலும், புதியவர்களுக்கு ஜிக்சாவும் ஓர் அரமும் போதும் என்பதே என் கருத்து. டேப்பைப் பிரிப்பதற்கு முன்பே விளிம்புகளை அரத்தால் சமப்படுத்துங்கள்.

பிரித்த பிறகு, நீள்துளைகளின் உட்பக்க விளிம்புகளுக்கு இரண்டு முறை வார்னிஷ் பூசுங்கள். பிளைவுட் நீரைக் குடிப்பது அதன் முகத்தின் வழியாக அல்ல, இந்த வெட்டு விளிம்புகளின் வழியாகத்தான். வார்னிஷ் முழுதாகக் காய்ந்த பின்புதான் காடிச்சட்டங்களைப் பொருத்த வேண்டும். பூச்சின் தடிமனும் கணக்கில் வர வேண்டும் அல்லவா?

காடியும் பிடிப்பும்

தகட்டின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் காடிச்சட்டங்களுக்குள் ஓடும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி வைத்துக்கொண்டு திருகுகளை முடுக்கி, பிறகு கார்டை உருவி எடுத்துவிட்டால் வேண்டிய தளர்வு கிடைத்துவிடும். உயரவாட்டில் 1 மி.மீ. தளர்வு விடுங்கள். தகட்டின் 50 மி.மீ. முனையில் 6 மி.மீ. அகலமும் 28 மி.மீ. நீளமும் உள்ள கிடைத்துளை ஒன்றை வெட்டி, அதன் வழியாகப் பலகையிலிருந்து வரும் 5 மி.மீ. போல்ட்டில் வாஷரும் விங் நட்டும் போடுங்கள். அந்தத் துளையின் நீளமே தகட்டை 23 மி.மீ.-க்கு மேல் நகரவிடாமல் நிறுத்தும். விங் நட்டை முடுக்கினால் தகடு வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். காந்தம் வைக்கும் முறையும் உண்டு. ஆனால் பலத்த காற்றில் தகடு தடதடக்காமல் இருப்பதற்கு விங் நட்டுக்கு நிகராக வேறொன்றை நான் பார்க்கவில்லை.

கொசுவலையும் மழைத்தடுப்பும்

கொசுவலையின் கண் 1.2 மி.மீ.-க்கு மேல் இருக்க வேண்டாம். இத்தகைய வலையின் கம்பிகளே அதன் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். வலையை நேரடியாக நீள்துளைகள் மீது ஒட்டினால், பாடுபட்டு வெட்டிய திறப்பில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். அதற்குப் பதிலாக, பலகையின் வெளிப்புறத்தில் பலகையிலிருந்து 25 மி.மீ. வெளியே நீட்டி நிற்கும் மரச்சட்டம் ஒன்றை அடித்து, அதன்மேல் வலையை இழுத்துக் கட்டுங்கள். அப்போது துளைகளின் காற்று சட்டத்தின் முழுப் பரப்புக்கும் பரவிச் செல்லும். 280க்கு 440 மி.மீ. சட்டத்தில் கம்பிகள் போக எஞ்சும் பரப்பே நீள்துளைகளின் பரப்பைப் போல இரு மடங்கு இருக்கும்.

மழைக்கு, வலைக்கு வெளியே 60 மி.மீ. அகல அலுமினியப் பட்டைகளை வெளிநோக்கிக் கீழ்ச்சரிவாக 45 டிகிரியில், 38 மி.மீ. இடைவெளியில் அடுக்க வேண்டும். ஒரு பட்டையின் கீழ் விளிம்பு, அதற்குக் கீழுள்ள பட்டையின் மேல் விளிம்பைவிடத் தாழ்ந்திருப்பதே இதன் சூட்சுமம். மரச்சட்டத்தின் அடியில் இரண்டு சிறு துளைகள் இருந்தால், தவறி உள்ளே வந்த நீரும் வடிந்துவிடும்.

மேல்மாடி ஜன்னலாக இருந்தால், பலகையைத் தூக்கும் முன்பே அதை ஒரு கயிற்றால் உள்ளே கட்டிவிடுங்கள்.

அளவு வைக்கும் முறை

மேல்திறப்பை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, கீழ்த்திறப்பால் மட்டும் காற்றைக் கூட்டிக் குறைப்பதே எளிது. கீழ்த்திறப்பைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும் என்று தோன்றும். உண்மையில் 63 சதவீதம் காற்று வந்துகொண்டே இருக்கும். கால் பங்காக்கினால்தான் அது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். தகட்டில் கோடு போட்டுக்கொள்பவர்கள் இதை மனத்தில் வைத்துக் குறியுங்கள். ஓட்டம் சரியாக இருக்கிறதா என்பதை ஊதுவத்திப் புகையில் பார்க்கலாம்: காற்றில்லாத இரவில் புகை கீழே உள்நோக்கியும் மேலே வெளிநோக்கியும் சாயும். பகலில் வெளியே உள்ளைவிடச் சூடாக இருந்தால் திசை மாறி, மேலே சூடான காற்று நுழையும். அந்நேரத்தில் இரண்டையும் மூடிவிடுவது நல்லது.

பின்னர் சேர்த்தவை

இதைச் செய்து பார்த்தவர்கள் கேட்டதிலிருந்து இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். கண்ணாடிக் கதவு ஓரடி தள்ளி நிற்பதால், உள் கதவுக்கும் வெளிக் கதவுக்கும் இடையே நடுவில் ஒரு செங்குத்து இடைவெளி உருவாகும். கொசு நுழைவது அந்த வழியாகத்தான். அங்கே உயரம் முழுவதும் பிரஷ் பட்டை ஒட்டுங்கள். அத்துடன், ஜன்னலின் சொந்தப் பூட்டும் இனி வேலை செய்யாது. டிராக்கில் காலியாக எஞ்சும் நீளத்துக்கு வெட்டிய கம்பை இட்டுக் கதவு நகராதபடி செய்வதோடு, மேல் டிராக்கில் எஞ்சும் இடத்தைப் பலகைக்கு மேலே ஒரு மரத்துண்டால் அடைத்துவிட்டால், வெளியிலிருந்து பலகையைத் தூக்கி எடுக்கவும் முடியாது. தீ போன்ற ஆபத்தில் வெளியேற அந்த அறைக்கு இந்த ஜன்னல் ஒன்றுதான் வழி என்றால், அங்கே இந்தப் பலகையைப் பொருத்த வேண்டாம்.

கேஸ் கீஸரோ கரியடுப்போ உள்ள அறைக்கு இது போதுமா என்ற கேள்விக்கு என் பதில், போதாது என்பதுதான். மூடக்கூடிய எந்தத் திறப்பும் என்றாவது ஒருநாள் மூடியே கிடக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. அத்தகைய அறைக்கு எப்போதும் திறந்தே இருக்கும் நிரந்தரத் திறப்பும், புகையை வெளியே கொண்டுசெல்லும் குழாயும் கட்டாயம் வேண்டும்.