குழுவாகப் படிக்க நூலகத்தில் ஓர் இடம்: எங்கிருந்து தொடங்குவது?

கொழும்பில் பதினான்கு வருடமாகப் பல்கலைக்கழக நூலகப் பணியில் இருக்கிறேன். குழுவாகப் படிக்கும் பகுதி அமைக்க நிதி கிடைத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை அங்குலத் திரை வாங்கலாம் என்றுதான். திரையைக் கடைசிக்கு விடுங்கள்.

முதலில் இரண்டு கிழமை கொப்பியும் பேனையுமாக வளாகத்தைச் சுற்றுங்கள். காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் மாணவர்கள் எங்கே கூடுகிறார்கள், எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த குழுக்களில் பெரும்பாலும் நான்கு பேர், சிலவற்றில் ஆறு. படிக்கட்டில் ஒருத்தியின் மடியில் லாப்டொப், மற்ற மூவரும் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி. பன்னிரண்டு பேருக்கான நீள மேசை இவர்களுக்கு எதற்கு? ஆறு பேர் நெருங்கி இருக்கக்கூடிய மேசைகளைச் செய்வியுங்கள்.

இடம் வாசலுக்குப் பக்கத்தில், அமைதியாகப் படிக்கும் பகுதிக்கு எட்டத்தில் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் புத்தகம் நிறைந்த அலுமாரிகளை நிறுத்தினால் சத்தம் நன்றாகக் குறையும். நான் முன்பு வேலை செய்த ஒரு நூலகத்தில் நான்கு பக்கமும் கண்ணாடி போட்டு அறை கட்டினார்கள். பார்க்க அழகு. ஆனால் நால்வர் கதைத்தால் எதிரொலியில் ஒரு சொல்லும் பிடிபடாது. ஒரு பக்கம் கண்ணாடி போதும். மற்றச் சுவர்களில் துணி போர்த்திய பலகை அடியுங்கள்.

இனி மின்சாரம். அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். 230 வோல்ட்டில் ஒரு 13 ஆம்பியர் பிளக் பொயின்ட் கிட்டத்தட்ட 3000 வாட் தாங்கும். சாதாரண லாப்டொப் சார்ஜர் ஒன்றுக்கு 65 வாட் என்று வைத்தால், ஆறுக்கும் சேர்த்து 400 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே பொதுவாகச் சுமை பிரச்சினை இல்லை, பொயின்ட்டுகள் போதாததுதான் பிரச்சினை. மேசைக்கு ஆறு பொயின்ட் வையுங்கள். வயரைத் தரைக்குள்ளால் கொண்டுவாருங்கள். நடைபாதையில் கிடக்கும் வயரில் என் கண் முன்னாலேயே ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தாள். சதுரப் பின்தான் இப்போது நியமம் என்றாலும் உருண்டைப் பின் சார்ஜர்கள் இன்னும் வருகின்றன, நல்ல அடப்டர் சில கவுன்டரில் இருக்கட்டும். இந்தப் பகுதிக்கு, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றைத் தனியாகக் கேளுங்கள். 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு வந்தபோது லாப்டொப்புகள் பற்றரியில் ஓடின, வைஃபைதான் நின்றது. ரவுட்டருக்கும் நெட்வேர்க் ஸ்விட்சுக்கும் ஒரு யூபிஎஸ் அவசியம். வைஃபையைச் சோதிக்கும்போது கதவை மூடிவிட்டு, அறையின் மூலையில் இருந்து சோதியுங்கள்.

சரி, திரைக்கு வருவோம். ஆறு பேருக்கு 55 அங்குலம் தாராளம். எச்டிஎம்ஐ, யூஎஸ்பி-சி கேபிள் இரண்டும் மேசையிலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கேபிள் தேடவே பத்து நிமிடம் போனால் அடுத்த முறை வரமாட்டார்கள். மேற்கு யன்னலுக்கு எதிரே மாட்டினால் பின்னேர வெயிலில் ஒன்றும் தெரியாது. திரைக்குப் பக்கத்தில் பெரிய வெள்ளைப்பலகை வையுங்கள். எங்கள் இடத்தில் அதைத்தான் அதிகம் பாவிக்கிறார்கள்.

பொதுக் கணினியில் சிங்கள, தமிழ் யூனிகோட் தட்டச்சு இரண்டும் வேலை செய்கிறதா என்று நீங்களே தட்டிப் பாருங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவின் தட்டச்சு முறையில் பழகியவர்கள் நிறையப் பேர், அதையும் போட்டுவிடுங்கள். தமிழில் படிக்கும் மாணவி தன் குழுவின் அறிக்கையைத் தானே அந்தத் திரையில் எழுத முடிய வேண்டும். அறிவித்தல்கள் மூன்று மொழியிலும் இருக்கட்டும். முன்பதிவு இரண்டு மணித்தியாலம். கால் மணி பிந்தினால் அடுத்த குழுவுக்கு.

எல்லா மேசைகளையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். நாங்கள் முதலில் மூன்று போட்டோம். ஒரு மாதத்துக்குள் பிள்ளைகள் மூன்றாவதை யன்னலடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திருப்பி வைக்கவில்லை, பிளக் பொயின்ட்டுகளை அங்கே மாற்றிக் கொடுத்தோம்.